என் பெயர் ஏறிய கல்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும்.

முதலாவது, பேருந்து நிழற்குடை. பெரிய சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் மக்கள் வெயிலில் நின்று கருகினார்கள். நான் தார்ச்சாலையில் படுத்தேன். என் மேல் ஏறாமல் நின்ற பேருந்தின் மூச்சு இன்றும் என் காதில் கேட்கிறது. நிழற்குடை வந்தது. அதோடு கல்வெட்டும் வந்தது. திறந்து வைத்தவர் பெயர் இருந்தது. முன்னிலை வகித்தவர் பெயர் இருந்தது. ஒப்பந்தக்காரரின் மைத்துனர் பெயர்கூட இருந்தது. படுத்தவன் பெயர் இல்லை.

இரண்டாவது, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. காலிக் குடங்களோடு மறியல் நடத்தியது நான். அந்தக் குடங்களில் பாதி என் வீட்டுக் குடங்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தொட்டி வந்தது. கல்வெட்டில் வாழ்த்து வரிகளே பாதியை அடைத்துக்கொண்டன. எனக்கு இடம் இல்லை.

மூன்றாவது, வாய்க்கால் பாலம். இதில் இடம் கொடுத்தார்கள். ஆரோக்கியமுத்து என்ற என் பெயரை "ஆரோக்கியசாமி" என்று செதுக்கினார்கள். ஆரோக்கியசாமி எங்கள் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். போராட்டம் நடந்த திசையில் தலைவைத்துப் படுக்காதவர். இன்றும் சாயங்காலம் அந்தப் பாலத்தில் உட்கார்ந்து, சொந்தப் பாலம் மாதிரி காலாட்டுகிறார்.

நான்காவது அநீதியைச் செய்தது கல்வெட்டு அல்ல, கல்லேதான். ஊருக்கு வடக்கே இருந்த பாறையை ஒருவர் கிரானைட்டுக்காகக் குத்தகைக்கு எடுத்து வெடி வைத்தார். பாறை போனது. பாறையோடு எங்கள் சுவர்களும் போயின. என் வீட்டில் நிலைக்கு மேலே தொடங்கிய விரிசல் தரைவரைக்கும் வந்து, பூனை போய்வரும் அளவுக்கு வளர்ந்தது. கீரனூர் பேருந்து நிலையத்தில் கூட்டம் போட்டோம். நான் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கினேன்: "மலையைத் தின்னும் கிரானைட் என் வீட்டு அடுப்படியில் ஒருநாளும் ஏறாது! ஏறினால் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்!"

அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முழக்கத்தை ரோஸ் நிறத் துண்டறிக்கையாக அச்சடித்துத் தாலுகா முழுக்கக் கொடுத்தோம்.

ஐந்தாவது அநீதி என் வீட்டுக்குள் நடந்தது. செய்தது என் மனைவி மரிய செல்வி.

விரிசல் வீடு இனித் தாங்காது என்று புது வீடு கட்டினோம். செல்வி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கடைக்கால் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை அவள் பணம். கொள்கை மட்டும் என்னுடையது.

எல்லா வேலையும் முடிந்து அடுப்படி மட்டும் பாக்கி நின்ற நேரத்தில் அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, மேடைக்குக் கல்லு பாக்கப் போகணும்."

"அதுல என்ன பாக்குறது? கடப்பாக் கல்லு. முடிஞ்சது."

"கடப்பாவா? இந்த வீட்டுல அதோட மாரடிச்சது போதும். புளித்தண்ணி ஒரு சொட்டு விழுந்தா வெள்ளைத் திட்டு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா வெள்ளைத் திட்டு. தேமல் புடிச்ச மாதிரி இருக்கு மேடை. கிரானைட் போடுங்க."

"உழைக்கிற மக்களோட மேடை அப்படித்தான் இருக்கும் செல்வி."

"உழைக்கிறது நானு. மேடையில பேசுறதுதான் நீங்க."

"கிரானைட் என் பொணத்து மேலதான் ஏறும்!"

"அதுக்கும் இப்ப அதைத்தான் போடுறாக. கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாருங்க, ஒவ்வொண்ணும் எப்படிப் பளபளன்னு இருக்குன்னு. செத்தவுகளுக்குக் குடுக்குற மரியாதைய எனக்குக் குடுக்கக் கூடாதா?"

நான் உண்ணாவிரதம் அறிவித்தேன். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். சர்க்கார் என்றால் மறுநாளே பேச வரும். செல்வி பேச வரவில்லை, ஆதரவு தெரிவித்தாள்.

"நல்ல காரியம். நானும் அடுப்பு பத்த வைக்கல. பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் விருந்துக்குக் கூப்புட்டுருக்கா, போயிட்டு வாரேன். நீங்க உறுதியா இருங்க."

விருந்தின் வாசனை மதில் தாண்டி வந்தது. ஆட்டுக்கறி. முடித்து வைக்க யாரும் வராத உண்ணாவிரதத்தை நானே எனக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்தேன். ஒரு சொட்டு கடப்பாக் கல்லில் விழுந்தது. துடைத்தேன். வெள்ளைத் திட்டு.

இந்த நேரம் பார்த்து நிலவழகன் வந்தான். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் எனக்கு அடுத்த இடம் அவனுக்கு. அடுத்த இடத்தில் இருப்பவன் கண் எங்கே இருக்கும் என்பது சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கையில் ஏதோ பளபளத்தது. அந்த ரோஸ் துண்டறிக்கை. பாவி, அதை லேமினேஷன் போட்டு வைத்திருந்தான்.

"தோழர், ஃபாதர் வந்து புது வீட்ட மந்திரிக்கிற அன்னைக்குச் சங்கமே வாரோம்."

"வாங்க, வாங்க."

"எல்லாரும் மொதல்ல வாசலப் பாப்பாங்க. நாங்க மொதல்ல அடுப்படியத்தான் பாப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. தெருவில் லாரி திரும்பினால் வாசலுக்கு ஓடினேன். லாரியில் மாட்டுச் சாணம் வந்தாலும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கிரானைட் ஒரு சாண் அகலம் உள்ளே போனால் போதும், நான் கட்டிக் காத்த பெயர் வெளியே போய்விடும்.

செல்வியிடம் கெஞ்சவில்லை. போராளி கெஞ்ச மாட்டான். விளக்கினேன். என் பெயர், என் மானம், நிலவழகன் கையில் இருக்கும் லேமினேஷன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்:

"சரிங்க. கடப்பாவே இருக்கட்டும்."

நான் உஷாரானேன். அதிகாரி கோரிக்கையை உடனே ஏற்றுக்கொண்டு டீயும் வாங்கிக் கொடுத்தால், வெளியே போலீஸ் வேன் நிற்கிறது என்று அர்த்தம். இது என் அனுபவம். அவள் எழுந்து போய் டீ போட்டு வந்தாள்.

"செல்வி, என்ன திட்டம்?"

"ஒரு திட்டமும் இல்ல. நாளைக்கே கடப்பாக் கல்லு எறங்கும், ஒங்க கண்ணால பாருங்க. எனக்கு மனசு ஆறாத விசயம் வேற ஒண்ணு."

"என்ன?"

"கோயில்ல பெஞ்சுக்கு முதுகுப் பலகை வாங்கிக் குடுத்தவன் பேரெல்லாம் அந்த முதுகுலயே எழுதியிருக்கு. அன்பளிப்பு இன்னார்னு. இந்த ஊருக்கு நிழலு, தண்ணி, பாலம் வாங்கிக் குடுத்த மனுசன் பேரு ஒரு கல்லுல இல்ல. நம்ம சொந்த வீட்டுலயாவது ஒங்க பேரக் கல்லுல வெட்டி வைக்கணும்ங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். இந்த வார்த்தைக்காக நான் நிழற்குடைக் காலத்திலிருந்து காத்திருந்தேன். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொன்னேன்.

"ஆனா கல்வெட்டுக்குக் கடப்பா ஒத்து வராதாம். எழுத்து பொரிஞ்சு போயிருமாம். கறுப்பு கிரானைட்தான் நிக்குமாம்."

நான் யோசித்தேன். முழக்கம் என்ன சொல்கிறது? அடுப்படியில் ஏறாது என்கிறது. வாசலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மேலும், மேடைக் கல் ஆடம்பரம். கல்வெட்டு ஆவணம். இரண்டும் ஒரே பாறையில் பிறந்தாலும் வர்க்கம் வேறு. இதை நிலவழகனுக்குச் சொல்ல ஒரு துண்டறிக்கையே போடலாம்.

"மூணு நிபந்தனை," என்றேன். "ஒண்ணு, கல்லுல என் பேரு தோழர்ங்கிற அடைமொழியோட இருக்கணும். ரெண்டு, வேற ஒருத்தன் பேரும் இருக்கக் கூடாது. மூணு, மந்திரிப்பு அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால அதைச் சத்தமா வாசிக்கணும்."

"மூணும் செஞ்சிரலாம். என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னேன். அவள் கேட்டாள். "நிழற்குடைய விட்டுட்டீங்களே," என்று நினைவூட்டினாள். சேர்த்தேன். "தொட்டி?" சேர்த்தேன். "ஒங்கள மூணு தடவ வேன்ல ஏத்துனாகளே, அது வேணாமா?" அதையும் சேர்த்தேன். வாசகம் வளர வளர கல்லும் வளர்ந்தது. கடைசியில் அவளே பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு வரலாறுக்குத் துண்டுக் கல்லு பத்தாதுங்க. முழுப் பலகையா எடுத்துருவோம்."

மறுநாள் கடப்பாக் கற்கள் வந்து இறங்கின. நான் தொட்டு எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன். அவை அலமாரித் தட்டுகளுக்கு என்பது எனக்கு அன்று தெரியாது.

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு கிரானைட் கடைக்குப் போனோம். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆளுயரப் பலகைகள் தோளோடு தோள் சாய்ந்து நின்றன. எல்லாம் எங்கேயோ ஒரு ஊரின் வடக்குப் பாறை. நான் குற்றவாளியைப்போல் அவற்றுக்கு இடையில் நடந்தேன்.

செல்வி பையிலிருந்து சின்னச் சின்னப் புட்டிகளை எடுத்தாள். ஒரு கறுப்புப் பலகையில் புளித்தண்ணீரை ஊற்றினாள்.

"என்னடி பண்ணுற?"

"மழை பெய்யும்ல? இப்ப மழையெல்லாம் புளிச்ச மழையாம், பேப்பர்ல போட்டுருந்தான்."

அடுத்து நல்லெண்ணெய்.

"இது எதுக்கு?"

"ஒங்க பொறந்த நாளுக்குக் கல்வெட்டுக்கு மாலை போட வருவாக. எண்ணெய்க் கையோட தொட மாட்டாகளா?"

அடுத்து மஞ்சள் தூள்.

"செல்வி!"

"மங்களகரமா இருக்கட்டுமே."

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தாள். கறை இல்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்துக் கல்லில் ஓங்கித் தட்டினாள். மணி மாதிரி ஒலித்தது.

"கரண்டி எதுக்கு?"

"உள்ளுக்குள்ள விரிசல் இருந்தா சத்தம் மாறும். ஒங்க பேரு வெடிச்சுப் போச்சுன்னா நான் தாங்குவேனா?"

என் பெயர்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. நிலவழகன்.

"தோழர், எங்க இருக்கீங்க? பின்னால என்னமோ கல்லு அறுக்குற சத்தம் கேக்குது?"

"பல் டாக்டர்கிட்ட இருக்கேன்," என்றேன்.

"பல்லுக்கா இம்புட்டுச் சத்தம்?"

"கடவாய்ப் பல்லு."

இணைப்பைத் துண்டித்தேன். கடைக்காரர் வெள்ளைச் சாயப் பேனாவை நீட்டினார். வாங்குகிறவர் பலகையில் பெயர் எழுதிக் கொடுப்பது வழக்கமாம். அப்போதுதான் வேறு பலகை மாறிப் போகாதாம். எழுதிவிட்டால் திருப்பித் தரவும் முடியாதாம்.

"ஐயா எழுதுங்க," என்றார்.

"நீங்களே எழுதுங்க," என்றாள் செல்வி. "ஒங்க கல்லு."

பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதினேன்: தோழர் சூ. ஆரோக்கியமுத்து. சூசையின் மகன் பெயர் முதல்முறையாகக் கல்லில் ஏறியது.

மந்திரிப்புக்கு முந்தின வாரம் சேலத்தில் சங்கத்தின் மாநில மாநாடு. செல்வி என் வேட்டிகளை இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்தாள். வழிக்கு இட்லி கட்டினாள். பேருந்து வரும்வரை விலக்கில் நின்று கையசைத்தாள். அவள் என்னை எந்த மாநாட்டுக்கும் இத்தனை அன்போடு அனுப்பியதில்லை. கொள்கை வென்றுவிட்டது என்று நினைத்தேன். மாநாட்டில் கொஞ்சம் மிதப்பாகவே பேசினேன்.

மந்திரிப்பு அன்று காலையில்தான் தோழர்களோடு வேனில் வந்து இறங்கினேன். நிலவழகன் என் தோளை ஒட்டியே வந்தான். சட்டைப் பையில் அந்த ரோஸ் நிறம் தெரிந்தது. பந்தல், வாழை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. ஆவூரிலிருந்து ஃபாதர் வந்திருந்தார். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் ஃபாதரோடு வாதம் செய்யப் போவேன். அவருக்கும் அது பிடிக்கும்.

வாசல் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர்.

"செல்வி, கல்லு எங்க?"

"உள்ள இருக்குங்க. இந்தச் செவுரு அந்தக் கனத்தத் தாங்காதுன்னு கொத்தனார் சொல்லிட்டாரு. வெயில் மழை படாத எடமா வச்சாச்சு."

"எல்லாரும் பாக்குற எடம்தானே?"

"பாக்காம ஒருத்தரும் வெளிய போக முடியாது."

"முழுசும் வெட்டியாச்சா?"

"முக்கியமானத வெட்டியாச்சு."

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அறை அறையாக நடந்தார். கூட்டம் பின்னால் நகர்ந்தது. கூடத்தின் சுவர்களை நான் மேலும் கீழும் பார்த்தேன். கல் இல்லை. படுக்கை அறையில் இல்லை. செபம் சொல்லும் மாடத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு அறையிலும் கல் இல்லாமல் போகப் போக நான் நடையைத் தளர்த்தினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அறை.

எங்கள் பக்கம் மந்திரிப்பு எப்படி முடியும் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கடைசியில் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்குவதைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அடுப்படியில்தான் கூடுவார்கள்.

அடுப்படியில் சுவரோடு சுவராக, மூலை திரும்பி, நீளமாக ஒன்று படுத்திருந்தது. மேலே சிவப்புத் துணி. எங்கள் சங்கக் கொடிக்கு எடுத்த அதே துணி. அடுப்பு வைக்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் நின்ற கல் பட்டையையும் அதுவே மூடியிருந்தது. புது அடுப்பையும் பால் பாத்திரத்தையும் பிரகதாம்பாள் கையில் ஏந்திக்கொண்டு, வைக்க இடம் கேட்டு நின்றாள்.

துணிக்கு அடியில் இருந்த அந்த நீளத்தை எனக்குத் தெரியும். என் வரலாற்றின் நீளம் அது.

செல்வி துணியின் நுனியை என் கையில் கொடுத்தாள்.

"தெறந்து வைங்க."

"செல்வி," என்றேன். "இது மேடைடீ."

"ஆமா. மூணு நிபந்தனையும் அப்படியே நிறைவேத்தியிருக்கேன். கல்லுல தோழர்னு போட்டு ஒங்க பேரு இருக்கு. வேற ஒருத்தர் பேரும் இல்ல, என் பேருகூட இல்ல. சத்தமா வாசிக்க ஃபாதர் நிக்கிறாரு. இழுங்க."

துணியை இழுத்தால் முழக்கம் போய்விடும். இழுக்காவிட்டால் கல்லில் இருக்கும் என் பெயர் மூடியே கிடக்கும். ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு தேர்வு வைக்கலாமா? எந்தச் சர்க்காரும் எனக்கு வைத்ததில்லை.

"இழுங்க தோழர்," என்றான் நிலவழகன். கைப்பேசியை உயரப் பிடித்திருந்தான். "வீடியோ ஓடுது."

என்னை அறியாமல் கை இழுத்தது. நிழற்குடைக் காலத்திலிருந்து ஏங்கிய கை அது. அதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன்.

கறுப்புக் கல் பளபளத்தது. ஒரு கறை இல்லை, ஒரு திட்டு இல்லை. அதில் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. பின்பட்டையில் தங்க நிற எழுத்துகள் இருந்தன. ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்து, ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுபோய், பூசையில் வாசகம் வாசிக்கிற அதே குரலில், வாசலில் நிற்கிறவர்களுக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"இந்த அடுப்படி கிரானைட் மேடையை... தாமே நேரில் சென்று தேர்ந்தெடுத்து... தம் மனைவிக்கு அன்பளிப்பாக வழங்கியவர்... தோழர் சூ. ஆரோக்கியமுத்து."